தோற்கத் தெரிந்த காரை

ஓசூர் சிப்காட் பட்டறைகளில் லேத் ஓட்டுகிறவர்களுக்கு ஷியர் பின் என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. எந்திரத்தில் வெட்டுளியை நகர்த்தும் தண்டுக்கும் பல்சக்கரங்களுக்கும் நடுவே வேண்டுமென்றே மட்டமான உலோகத்தில் செய்து செருகிய சிறு முளை அது. வெட்டுளி எங்காவது சிக்கிக்கொண்டால் அந்த முளை சடக்கென்று அறுந்து போகும், சக்கரத்தின் பற்கள் தப்பிக்கும். அடிக்கடி அறுகிறதே என்று எரிச்சல்பட்டு அங்கே கெட்டியான எஃகு முளையை அடித்து வைத்தால், அன்றைக்கு வேலை நிற்காது. ஆனால் அடுத்த முறை சிக்கும்போது உடைவது முளை அல்ல, கியர்பெட்டி. வீட்டு மின்பலகையில் ஃபியூஸ் கம்பிக்குப் பதிலாகத் தடித்த ஆணியைச் சொருகுவதும் இதே கதைதான். போரில் சிதைந்த பழங்கட்டடங்களைச் சீர்செய்யும் கலையின் அடிப்படை விதியும் இதுவே என்பது என் வாதம். சீர்செய்யப் பயன்படும் பொருள், சீர்செய்யப்படும் பொருளை விடப் பலவீனமாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தோற்றே ஆக வேண்டும் என்ற நிலை வரும்போது தோற்க வேண்டியது புதியதுதான். கேட்பதற்குத் தலைகீழாகத் தோன்றும் இந்த விதி பிடிபடாததால், பீரங்கி செய்யாத சேதத்தைச் சிமெண்ட் மூட்டைகள் செய்து முடித்த கட்டடங்கள் உலகெங்கும் இருக்கின்றன.

இதைச் சோதித்துப் பார்க்க ஓசூரை விட்டு அதிக தூரம் போக வேண்டாம். இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பெரும்பகுதி பதினெட்டாம் நூற்றாண்டில் பாராமகால் என்று வழங்கியது. மைசூர் மேட்டுநிலத்திலிருந்து கீழே தமிழ்ச் சமவெளிக்கு இறங்கும் கணவாய்களை அடைத்துக்கொண்டு நிற்கும் பாறை மலைகள், அவற்றின் உச்சியில் துர்க்கங்கள். விஜயநகர காலம் தொட்டு வளர்ந்த இந்தக் கோட்டைகளை ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் கெட்டிப்படுத்தினார்கள். முதல் ஆங்கில–மைசூர்ப் போரில், 1768-இல் கிருஷ்ணகிரி கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் கைக்குப் போயிற்று, பிறகு திரும்ப வந்தது. மூன்றாம் போரில், 1791 ஜூலையில், ஓசூர்க் கோட்டையைக் காவற்படை கைவிட்டுப் போனது. அதே மாதம் ராயக்கோட்டை வீழ்ந்தது. நவம்பரில் கர்னல் மேக்ஸ்வெல்லின் படை கிருஷ்ணகிரியில் பேட்டையையும் கீழ்க்கோட்டையையும் பிடித்துவிட்டு மேல்கோட்டை ஏற முயன்று, தலையில் விழுந்த பாறைகளுக்குத் தாக்குப்பிடிக்க முடியாமல் இறங்கிப் போயிற்று. பீரங்கிகள் சாதிக்காததை 1792 ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கை சாதித்தது. பாராமகால் கம்பெனிக்குப் போனது. 1799-இல் திப்புவும் மறைந்த பிறகு இந்தக் கோட்டைகளுக்கு எதிரியே இல்லாமல் போயிற்று. கட்டடத்துக்கு அதைவிட மோசமான விதி கிடையாது. எதிரி இருக்கும் வரை உடைந்த இடத்தை அன்றே அடைப்பார்கள்.

பீரங்கிக் குண்டு ஒரு சுவரை என்ன செய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அன்றைய முற்றுகைகளில் இழுத்து வந்த ‘18 பவுண்டர்’ பீரங்கி சுமார் எட்டு கிலோ இரும்புக் குண்டை நொடிக்கு நானூறு மீட்டருக்கும் மேலான வேகத்தில் எறியும். பீரங்கி வாயை விட்டுப் புறப்படும்போது அந்தக் குண்டிடம் இருக்கும் ஆற்றல், கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் மணிக்கு நூற்றிருபது கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் ஒரு டன் எடையுள்ள காரின் ஆற்றலுக்குச் சமம். அத்தனையும் ஒரு தேங்காயளவு இடத்தில் இறங்குகிறது. ஆனாலும் இந்த ஊர்க் கோட்டைச் சுவர்கள் கண்ணாடி போல் நொறுங்குவதில்லை. காரணம், அவை ஒரே கல்லால் ஆனவை அல்ல. வெளியே செதுக்கிய கருங்கல் வரிசை, உள்ளேயும் ஒரு வரிசை, இரண்டுக்கும் நடுவே சல்லியும் மண்ணும் இட்டு நிரப்பிய வயிறு. குண்டின் வேகத்தை அந்த மண் வயிறு வாங்கிக்கொள்ளும். முன் கல் பிளக்கும், வரிசை கலையும், சுவர் நிற்கும். வெடிமருந்து வேறு ரகம். அது உள்ளிருந்து தள்ளுவதால் சுவர் வெளிப்புறமாகத் தொப்பை போடும். கற்கள் முழுசாகவே இருக்கும், ஆனால் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருந்த ஒழுங்கு குலைந்திருக்கும். எப்படி இருந்தாலும் போர் முடிந்த அன்று நமக்குக் கிடைப்பது காயம்பட்ட சுவர், செத்த சுவர் அல்ல. சாகடிப்பது அதற்குப் பின்னால் வரும் இருநூறு மழைக்காலங்கள். பிளந்த கைப்பிடிச் சுவர் வழியே தண்ணீர் மண் வயிற்றுக்குள் இறங்கும், ஆலும் அரசும் அங்கே விதைத்துக்கொள்ளும். ஊறிப் பருத்த மண் முன்வரிசைக் கல்லை அங்குலம் அங்குலமாக வெளியே தள்ளும். ஆகவே சீர்செய்பவரின் உண்மையான எதிரி திப்புவும் அல்ல, கம்பெனிப் படையை நடத்திய கார்ன்வாலிஸும் அல்ல. தண்ணீர்தான்.

இங்கேதான் காரை வருகிறது. காரை என்று நம் கொத்தனார்கள் சொல்வது சுண்ணாம்பும் மணலும் அரைத்த சாந்தை. இதன் வேதியியல் ஒரு வட்டம். நூறு கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் ஏறத்தாழ 900 டிகிரி வெப்பத்தில் சுட்டால் 56 கிலோ கல்தான் வெளியே வரும். மீதி 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். பார்க்க அதே கல், கையில் எடுத்தால் சக்கை. அதன் மேல் தண்ணீர் விட்டால் சீறும், கொதிக்கும், வெடித்துப் பூக்கும். இதைத்தான் நீற்றுதல் என்கிறோம். நீற்றின சுண்ணாம்பை மணலோடு கலந்து சுவரில் வைத்ததும், அது காற்றிலிருந்து, சூளையில் பறிகொடுத்த அதே கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கி மறுபடியும் கல்லாகிறது. அவசரமே படாது. மேற்பரப்பு சில வாரங்களில் இறுகும், உள்ளே போகப் போக மாதங்களும் ஆண்டுகளும் பிடிக்கும். அதுவரை ஈரச்சாக்கு போட்டு வெயிலில் காயாமல் காக்க வேண்டும், ஏனென்றால் ஈரம் இல்லாமல் இந்த வினை நடக்காது. நம் பக்கத்துக் கொத்தனார்கள் இதில் கடுக்காய் ஊறிய நீரையும் வெல்லத்தையும் சேர்த்தது வெறும் சம்பிரதாயம் அல்ல. சர்க்கரை சுண்ணாம்பைத் தண்ணீரில் அதிகம் கரைய வைக்கிறது, சாந்தைக் கரண்டிக்கு இணங்க வைக்கிறது, இறுகுவதைத் தாமதப்படுத்துகிறது. செங்கல் பொடி சேர்த்தால் காற்றே படாத இடத்திலும் காரை இறுகும். மாடு கட்டிய காரைச் செக்கில் கல் உருளை மணிக்கணக்கில் சுற்றியதற்கும் காரணம் உண்டு. ஒவ்வொரு மணல் துகளுக்கும் சுண்ணாம்பு போர்த்தினால்தான் பிடிப்பு.

இப்படிச் செய்த காரையின் அமுக்க வலிமை சதுர மில்லிமீட்டருக்கு ஒன்றிரண்டு நியூட்டன்தான். சாதாரணச் சிமெண்ட் கலவை அதைப் போலப் பல மடங்கு. இந்த இரண்டு எண்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்தால் எந்தப் பொறியாளரும் சிமெண்ட்டைத்தான் கேட்பார். அங்கேதான் சறுக்கல். பழைய சுவர் சும்மா நிற்பதில்லை. பகலில் விரிகிறது, இரவில் சுருங்குகிறது, அடிநிலம் அமரும்போது தானும் அமர்கிறது. காரை இடுக்கு இந்த அசைவையெல்லாம் தான் வாங்கி, மயிரிழை விரிசலாக விட்டுவிடும். அடுத்த மழையில் காரையின் சுண்ணாம்பு சிறிது கரைந்து, அந்த விரிசலுக்குள்ளேயே மறுபடி படிந்து அடைத்துவிடும். சிமெண்ட் இடுக்கு வளையாது. ஆகவே விரிசல் இடுக்கில் விழாமல் பக்கத்துச் செங்கல்லில் விழும். அதைவிடப் பெரியது மூச்சு. சுவருக்குள் போன ஈரம் எந்த வழியிலாவது வெளியே வந்தாக வேண்டும். துளைகள் நிறைந்த காரை அதற்கு வாசல். சிமெண்ட் பூச்சு அந்த வாசலைச் சாத்திவிடுகிறது. ஈரம் பூச்சுக்குப் பின்னால் தேங்கி, உள்ளேயிருக்கும் உப்பைக் கரைத்துக்கொண்டு செங்கல்லின் வழியே வெளியேறப் பார்க்கும். காயும் இடத்தில் உப்பு படிகமாகி, செங்கல்லின் தோலை உள்ளிருந்து உரிக்கும். சிமெண்ட்டே தன் பங்குக்குக் கொஞ்சம் உப்பையும் கொண்டுவந்து சேர்க்கிறது. சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் சிமெண்ட் இடுக்குகள் மட்டும் தேன்கூட்டு வலை போல முழுசாகத் துருத்திக்கொண்டிருக்கும், நடுவில் செங்கல் இருந்த இடமெல்லாம் குழியாக இருக்கும். எஃகு முளை முழுசாக இருக்கிறது, கியர்பெட்டி போய்விட்டது.

இந்த இடத்தில் கிருஷ்ணகிரிக்காரர் ஒருவர் நியாயமாகவே குறுக்கிடலாம். இங்கே கட்டியது செங்கல்லால் இல்லையே, கருங்கல்லால்தானே? கருங்கல்லின் வலிமை நூறு நியூட்டனுக்கு மேல். எந்தச் சிமெண்ட்டும் அதற்கு முன் பலவீனம்தான். அப்படியானால் உங்கள் விதிப்படியே சிமெண்ட் போடலாமே? நல்ல கேள்வி. வலிமையை மட்டும் பார்த்தால் இதற்குப் பதில் இல்லை. ஆனால் இந்தச் சுவர்களில் தாங்குகிற கல்லும் தோற்கிற கல்லும் வேறு வேறு. முன்வரிசைக் கருங்கற்கள் பெரும்பாலும் சாந்தே இல்லாமல் ஒன்றோடொன்று பொருந்தி உட்கார்ந்தவை. அந்த இடுக்குகள் வழியேதான் மண் வயிற்றில் இறங்கிய மழைநீர் இத்தனை நாளும் வடிந்தது. ‘இடுக்கெல்லாம் ஓட்டையாக இருக்கிறது’ என்று சிமெண்ட் வைத்து அடைத்தால் சுவர் தண்ணீர்த் தொட்டி ஆகிவிடும். ஊறிய மண்ணின் எடையோடு தேங்கிய நீரின் அழுத்தமும் சேர்ந்து வரிசையை வெளியே தள்ளும். கல்லுக்குக் கீறல்கூட விழாது, சுவர் சரியும். அதோடு மேலே உள்ள கைப்பிடிச் சுவர், துப்பாக்கித் துளைகள், காவல் அறைகளின் வளைவுகள், கிடங்குகளின் பூச்சு என்று பல இடங்களில் செங்கல்லும் காரையும்தான் வேலை செய்கின்றன. போரில் முதலில் அடிபட்டவையும் அவைதான், மழை முதலில் புகுந்த இடங்களும் அவைதான். எனவே ‘பலவீனம்’ என்று நான் சொல்வதை விரித்துச் சொல்ல வேண்டும். அமுக்க வலிமையில் தாழ்ந்திருந்தால் மட்டும் போதாது, தண்ணீருக்கு வழிவிடுவதிலும், அசைவுக்கு இணங்குவதிலும், பின்னால் ஒருநாள் பெயர்த்தெடுக்க இடம் கொடுப்பதிலும் புதியது பழையதை முந்திக்கொள்ள வேண்டும்.

இது சுண்ணாம்புக்காரர்களின் பழமைப் பற்று என்று நினைப்பவர்கள் ஏதென்ஸைப் பார்க்கலாம். பார்த்தினான் கோயில் இரண்டாயிரம் ஆண்டு நின்று, 1687 செப்டம்பரில் வெனிசுப் படையின் குண்டு ஒன்றால் தகர்ந்தது. துருக்கியர் அதை வெடிமருந்துக் கிடங்காக வைத்திருந்தார்கள். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பலானோஸ் என்ற பொறியாளர் விழுந்த பளிங்குத் துண்டுகளைத் தூக்கி நிறுத்தி, இரும்புப் பட்டைகளால் இறுக்கிக் கட்டினார். பழைய கிரேக்கர்களும் இரும்புதான் வைத்தார்கள். ஆனால் காற்றும் நீரும் படாமல் அதன் மேல் ஈயத்தை உருக்கி ஊற்றினார்கள். பலானோஸின் இரும்புக்கு அந்தப் போர்வை இல்லை. இரும்பு துருப்பிடித்தால் இரண்டு மடங்குக்கும் மேல் பருக்கும். பருத்த பட்டைகள் பளிங்கை உள்ளிருந்து பிளந்தன. வெடிமருந்திலிருந்து தப்பிய கற்களை மருத்துவர் கொன்ற கதை அது. 1975-இல் அமைந்த குழு அந்த இரும்பையெல்லாம் பிடுங்கி டைட்டானியம் வைத்துவருகிறது. டைட்டானியம் துருப்பிடிக்காது என்பது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, அதன் தடிமனைக் கணக்கிட்ட விதத்தில் இருக்கிறது. நிலநடுக்கத்தில் இழுவிசை எல்லை மீறினால் பளிங்கு உடைவதற்கு முன்பே பிணைப்பு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அளந்து செய்தார்கள். உலகின் நுட்பமான உலோகங்களில் ஒன்றை எடுத்து, அதற்குத் தோற்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். ஷியர் பின்னேதான், கொஞ்சம் விலை கூடியது.

தமிழர் நிலத்தில் இதற்குக் கடுமையான சோதனைக்களம் யாழ்ப்பாணக் கோட்டை. போர்த்துக்கீசர் தொடங்கியதை 1658-இல் பிடித்த ஒல்லாந்தர் ஐங்கோண வடிவில் மாற்றிக் கட்டினார்கள். உள்நாட்டுப் போரின்போது, 1990 முற்றுகையில் அது பெருஞ்சேதம் அடைந்தது. கோட்டைக்குள் 1706-இல் கட்டிய குரூஸ் தேவாலயம் தரைமட்டமானது. போர் ஓய்ந்த பின் நெதர்லாந்தின் உதவியோடு இலங்கைத் தொல்லியல் துறை கோட்டை மதில்களைச் சீர்செய்யத் தொடங்கியது. அங்கே கருங்கல் கிடையாது, முருகைக்கல்தான். கடலில் பிறந்த அந்தக் கல் கடற்பஞ்சு போலத் துளை மயம். உப்புக் காற்றும் பக்கத்திலேயே. இப்படிப்பட்ட கல்லைச் சிமெண்ட்டில் பூட்டினால், கிருஷ்ணகிரியில் ஒரு தலைமுறை எடுத்துக்கொள்ளும் சேதம் அங்கே சில மழைக்காலங்களிலேயே தெரிந்துவிடும். புதுக் கல் வெட்டிப் போடலாம் என்றாலும் வழியில்லை. கடலோரப் பாதுகாப்புச் சட்டம் முருகைக்கல் அகழ்வதைத் தடுக்கிறது. விழுந்து கிடக்கும் கல்லே மூலப்பொருள். அதனால்தான் பெயர்த்தெடுக்க இடம் கொடுக்கும் காரையின் அருமை அங்கே கூடுதலாகத் தெரிகிறது. சுண்ணாம்பில் வைத்த கல்லை உளியால் தட்டித் திரும்ப எடுத்துவிடலாம். சிமெண்ட்டில் வைத்த கல் சிமெண்ட்டோடுதான் உடையும்.

இனி, செலவும் நேரமும். இந்த ஆட்சேபத்தை லேசாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. சிமெண்ட் கலவை 28 நாளில் தன் பலத்தைக் காட்டிவிடும், ஒப்பந்தக்காரருக்குப் பில் போடலாம். காரை வேலைக்கு நீற்றவும் ஊறவும் அரைக்கவும் ஈரம் காக்கவும் மாதங்கள் வேண்டும். நிதியாண்டு மார்ச்சில் முடியும். சுண்ணாம்பு மார்ச்சைப் பார்ப்பதில்லை. அதோடு, பலவீனமான பொருளைத் தேர்ந்தெடுப்பது என்றால் இருபது முப்பது ஆண்டுக்கு ஒருமுறை இடுக்குகளை மறுபடி பூசுவோம் என்று கையெழுத்திடுவதும் ஆகும். அறுந்த ஷியர் பின்னை மாற்ற ஆள் இல்லாத பட்டறையில் ஷியர் பின் வைத்துப் பயனில்லை. பராமரிப்புக்கு ஆளும் பணமும் ஒதுக்காமல் காரை வேலையை மட்டும் செய்துவிட்டுப் போவது, சில இடங்களில் எதுவும் செய்யாததற்குச் சமம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதிலிருந்து சிமெண்ட் சரி என்ற முடிவு வராது. காரை தோற்றால் காரையை மாற்றலாம், சிமெண்ட் வென்றால் மாற்றிவைக்க அந்தப் பதினெட்டாம் நூற்றாண்டுச் செங்கல் எங்கே கிடைக்கும்? இரண்டு செலவும் ஒரே கணக்கில் வராது. மலையுச்சிக்குத் தண்ணீர் கொண்டுபோவதே பெரும்பாடு என்பார்கள். கட்டியவர்களுக்கும் அதே பாடுதான். அவர்கள் முதலில் பாறைச் சுனைகளையும் குளங்களையும் கட்டினார்கள், பிறகுதான் சுவரை எழுப்பினார்கள். அந்தக் குளங்களைத் தூர்வாருவதையே வேலையின் முதல் கட்டமாக வைத்தால் என்ன?

இன்னொரு ஆட்சேபம் பொறியியல் சார்ந்ததல்ல. போர்த் தழும்பை ஏன் ஆற்ற வேண்டும், அது சாட்சி இல்லையா? யாழ்ப்பாணப் பொது நூலகத்தை நினைத்தால் இந்தக் கேள்வியின் கனம் புரியும். 1981-இல் வைத்த தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. போர்நிறுத்த ஆண்டுகளில் வெள்ளையாக மின்னும் கட்டடமாக அது திரும்பி வந்தபோது, எரிந்ததன் அடையாளத்தையும் சேர்த்தே பூசி மறைத்துவிட்டார்கள் என்ற குறை எழுந்தது. அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. ஆனால் படிக்க ஒரு நூலகம் வேண்டும் என்பதிலும் நியாயம் இருக்கிறது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் 1945 குண்டுவீச்சில் சரிந்த பிராவன்கிர்ஷே தேவாலயத்தை 2005-இல் எழுப்பி முடித்தபோது, இடிபாட்டிலிருந்து மீட்ட கறுத்த கற்களைக் கழுவாமல் வெளிறிய புதுக் கற்களுக்கு நடுவே வைத்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் தேவாலயம், கிட்டே போனால் 1945. 1964 வெனிஸ் சாசனம் சொல்வதும் இதுதான்: புதியது புதியதாகத் தெரிய வேண்டும், ஊகம் தொடங்கும் இடத்தில் கை நிற்க வேண்டும். நம் துர்க்கங்களுக்கு இந்த அளவுக்குக்கூடத் தேவையில்லை என்றே நினைக்கிறேன். குண்டு பெயர்த்த கல்லை மாற்ற வேண்டாம், உடைந்த கைப்பிடிச் சுவரை ஊகித்து எழுப்ப வேண்டாம். அதன் உச்சியில் தண்ணீர் இறங்காதபடி சாய்வாக ஒரு காரைத் தொப்பி போட்டால் போதும். தழும்பு இருக்கும், புண் இருக்காது. நாளைக்கு வேறு தலைமுறை வேறு விதமாக நினைத்தால் அந்தத் தொப்பியைக் கரண்டியால் சுரண்டி எடுத்துவிடலாம். அதைச் சிமெண்ட்டில் போட்டால் நம் கருத்தை அவர்கள் மேல் என்றைக்குமாகப் பூசியதாகிவிடும்.

கல் வேலைக்கும் இதே அளவுகோல் பொருந்தும், ஆனால் அங்கே நான் கைவேலைப் பக்தன் அல்ல. இந்தப் பாறைகளின் ஓரங்களில் வரிசையாக நீள்சதுரப் பள்ளங்கள் தெரியும். உளியால் அவற்றைக் குடைந்து, ஆப்பு இறக்கி, சம்மட்டியால் ஒவ்வொன்றாகச் சுற்றி அடித்து, பாறையை அதன் இயல்பான ஓட்டத்திலேயே பிளந்தார்கள். உருண்டையான துளை தெரிந்தால் அது எந்திரத் துளைப்பானின் வேலை, பிற்காலத்தது. கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள கிரானைட் ஆலைகள் வைரக்கம்பியால் கல்லைத் தோசை போல அறுக்கின்றன. அப்படி அறுத்த வழுவழுப்பான முகத்தில் காரை ஒட்டாது. உளி கொத்திய முகத்தின் மேடுபள்ளத்தில்தான் பிடிக்கும். ஆகவே உட்புறமும் அடிப்புறமும் எந்திரம் அறுக்கட்டும், காரை தொடும் முகத்தையும் கண் பார்க்கும் முகத்தையும் உளி கொத்தட்டும். சுவர் எத்தனை மில்லிமீட்டர் சாய்ந்திருக்கிறது என்று லேசர் கருவி அளக்கட்டும், தூக்குக்குண்டு அதற்குக் கோபித்துக்கொள்ளாது. சென்னை ஐஐடியில் பழங்கட்டடங்களின் பாதுகாப்புக்கென்றே ஒரு தேசிய மையம் இருக்கிறது. கடுக்காயும் வெல்லமும் கலந்த காரையை வேலூர் விஐடி ஆய்வுக்கூடங்களில் பகுத்துப் பார்க்கிறார்கள். மில்லிமீட்டரை நூறாகப் பகுத்து அளந்து வேலை செய்யும் கைகள் ஓசூரிலேயே ஆயிரக்கணக்கில் உண்டு. தட்டுப்பாடு வேறு இடத்தில். நீற்றின சுண்ணாம்பைத் தண்ணீருக்கடியில் குழியில் மாதக்கணக்கில் வைத்திருந்து, வெண்ணெய் போல ஆனதும் கரண்டியில் அள்ளிச் சாய்த்து, அது எப்படி வழுகி விழுகிறது என்பதைப் பார்த்தே இது போதும், இது இன்னும் ஊறட்டும் என்று சொல்லத் தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவருகிறார்கள். அந்தக் குழியை வெட்டி நிரப்பிவைக்க, டெண்டர் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. சுண்ணாம்பு எவ்வளவு ஊறுகிறதோ அவ்வளவு நல்லது.